ஜெயிச்சா ஒன்பது நாள் லீவு!

செமஸ்டர் எக்ஸாம் நடக்குது. பறக்கும் படை உள்ளே வருது. ஒருத்தர் பிட்டோட மாட்டுறார். "சரிப்பா... நீ எழுதினதுக்கு மார்க் உண்டு. ஃபர்ஸ்ட் ரேங்கும் உனக்குத்தான். ஆனா ரெண்டு வாரம் கழிச்சு ஒன்பது நாள் காலேஜ் பக்கம் தலைகாட்டக் கூடாது" என்று யுனிவர்சிட்டி சொன்னால் எப்படி இருக்கும்?

சிரிப்பு வருதுல்ல? விடிய விடியப் படிச்சு, ஒழுங்கா எழுதி, செகண்ட் ரேங்க் வாங்கின பக்கத்து பெஞ்ச்காரருக்கு மட்டும் சிரிப்பு வராது.

குதிரைப் பந்தயத்தில் இந்தக் கூத்து ரொம்ப வருஷமா நடந்தது. அதில் செகண்ட் ரேங்கோட நின்ன பக்கத்து பெஞ்ச்காரரின் பெயர், 'சோ யூ திங்க்'. நாலு கால், கறுப்பு பிரவுன் கலர், நியூஸிலாந்தில் பிறந்தவர். ஆமாங்க, குதிரையேதான்!

ஆஸ்திரேலியாவின் பெருமைமிக்க காக்ஸ் பிளேட் கோப்பையை 2009, 2010 என்று ரெண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்த குதிரை இது. அங்கே ஜெயிச்சது போதும் என்று அயர்லாந்துக்குக் கொண்டு போனார்கள். இங்கிலாந்தின் ராயல் அஸ்காட்டில் 2011 ஜூன் 15-ம் தேதி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயம். எல்லோர் கண்ணும் சோ யூ திங்க் மேலேதான். கடைசி கட்டத்தில் முன்னாடி வந்தும் விட்டது. அப்போது பக்கத்தில் பாய்ந்து வந்தது ரீவைல்டிங். மேலே உட்கார்ந்திருந்தவர் ஃபிராங்கி டெட்டோரி. ரேஸே தெரியாதவர்களுக்கும் தெரிந்த ஸ்டார் ஜாக்கி.

கடைசி ரெண்டு பர்லாங்கில் டெட்டோரி சாட்டையைச் சுழற்றியது எத்தனை முறை தெரியுமா? 24!

ஒரு பர்லாங் என்பது 201 மீட்டர். நல்ல பந்தயக் குதிரை அதை ஏறக்குறைய 12 செகண்டில் கடந்துவிடும். அப்படின்னா ரெண்டு பர்லாங்குக்கு 24 செகண்ட். செகண்டுக்கு ஒரு அடி! ரீவைல்டிங் ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தது. கழுத்து வித்தியாசம் என்றால் நிஜமாவே கழுத்துதான், குதிரையோட கழுத்து நீளம். சாட்டையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதற்காக டெட்டோரிக்கு ஒன்பது நாள் தடை விதித்தார்கள்.

கோப்பை? ரீவைல்டிங்குக்கே. பரிசுப் பணம்? அதன் முதலாளிக்கே. ரீவைல்டிங் மேல் பணம் கட்டியவர்களுக்கும் காசு கிடைத்தது. சோ யூ திங்க்? ரெண்டாவது.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். 'சாட்டை' என்றதும் நம்ம ஊர் மாட்டு வண்டிச் சாட்டையைக் கற்பனை பண்ணிக்காதீங்க. இங்கிலாந்து ஜாக்கிகள் வைத்திருப்பது நுரைப் பஞ்சு சுற்றிய குட்டைச் சாட்டை. வலியை விட சத்தம் அதிகம் என்று ஜாக்கிகள் சொல்வார்கள். குதிரை கோணலாக ஓடினால் திருப்பவும், பயந்து மிரண்டால் சமாளிக்கவும் அது கையில் வேணும் என்பதும் அவர்கள் வாதம். அரை டன் எடையுள்ள மிருகத்தின் மேல், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அம்பது சொச்சம் கிலோ உடம்போட உட்கார்ந்திருப்பவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் திருப்புவதற்கும் மிரளாமல் இருப்பதற்கும் 24 அடி எதுக்குங்க?

டெட்டோரி மட்டுமில்லை. அதே வருஷம் ஏப்ரலில், உலகமே டி.வி.யில் பார்க்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் பல்லாபிரிக்ஸ் என்ற குதிரையை ஜெயிக்க வைத்த ஜேசன் மகுவயருக்கும் அஞ்சு நாள் தடை. காரணம் அதேதான், சாட்டை. அந்தப் பந்தயத்தில் ரெண்டு குதிரைகள் வேறு இறந்து போயிருந்தன. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். வேற வழியில்லாமல், பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையம் அக்டோபர் 10 முதல் கறாராக ஒரு கணக்கு கொண்டு வந்தது. தடை இல்லாத சமவெளிப் பந்தயத்தில் மொத்தம் ஏழு அடி. அதிலும் கடைசி பர்லாங்கில் அஞ்சுதான். மீறினால் தடை. அதோடு ஜாக்கியின் சம்பளமும், பரிசில் அவர் பங்கும் காலி.

ஜாக்கிகளுக்கு வந்ததே கோபம்! ரிச்சர்ட் ஹியூஸ் என்ற முன்னணி ஜாக்கி, அந்த முதல் வாரத்திலேயே ரெண்டு முறை தடை வாங்கி, "போதும்டா சாமி" என்கிற மாதிரி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓடும் குதிரை மேல் உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டிருக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி.

அடுத்த அஞ்சாவது நாள், அக்டோபர் 15. மறுபடியும் அஸ்காட். சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயம். மறுபடியும் நம்ம சோ யூ திங்க்! இந்த முறை எதிரே பிரான்ஸிலிருந்து வந்த சிர்ரூஸ் தே ஸேகிள். ஜாக்கி கிறிஸ்டோஃப் சுமியோன். ஜெயித்தது பிரெஞ்சுக் குதிரைதான். ஆனால் கடைசி பர்லாங்கில் சுமியோன் அடித்தது அஞ்சு இல்லை, ஆறு. அந்த ஒரு அடிக்காக அஞ்சு நாள் தடை. அதோடு அவர் பங்குப் பணம் சுமார் 50,000 பவுண்டு பறிபோனது. உலகத்திலேயே காஸ்ட்லியான சாட்டையடி அதுவாகத்தான் இருக்கும்!

கோப்பை? பிரெஞ்சுக் குதிரைக்கே. சோ யூ திங்க்? ரெண்டாவது.

ஒரே வருஷம், ஒரே மைதானம், ரெண்டு பெரிய பந்தயம். ரெண்டிலும் விதியை மீறியவரிடம் தோற்ற குதிரைக்கு ஒண்ணும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த அடிகள் இல்லாவிட்டால் அது ஜெயித்திருக்கும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கேட்கவே கூடாதா என்ன?

சுமியோன் விவகாரம் பெரிய சண்டையானதும், ஆணையம் ஒரு வாரத்திலேயே 'கடைசி பர்லாங்கில் அஞ்சு' என்பதைத் தூக்கிவிட்டது. ஹியூஸும் திரும்பி வந்தார். அதாவது, அந்த ஆறாவது அடி அடுத்த வாரம் விழுந்திருந்தால் அது தனிக் குற்றமே இல்லை. பாவம் மனுஷன்!

சரி, ஏன் குதிரையைத் தகுதி நீக்கம் பண்ணாமல் விட்டார்கள்? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். தப்பு பண்ணியது ஜாக்கி. குதிரை என்ன பண்ணும்? விடியற்காலையில் எழுந்து லாயத்தைக் கூட்டி, குதிரையைக் குளிப்பாட்டிய தொழிலாளி என்ன பாவம் பண்ணினார்? பயிற்சியாளர், முதலாளி, பணம் கட்டியவர் எல்லாம் ஏன் நஷ்டப்படணும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் இந்த நியாயம் எல்லாமே முதலாவதாக வந்தவர் பக்கத்து ஆட்களுக்குத்தான். ரெண்டாவதாக வந்த குதிரைக்கும் ஒரு லாயத் தொழிலாளி இருக்கார் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இதில் இன்னொரு விவகாரம், ஜாக்கி போடும் மனக்கணக்கு. பெரிய ரேஸில் ஜெயித்தால் பேர், புகழ், அடுத்த சீசனுக்கு நல்ல குதிரைகள். முதலாளி கைகுலுக்குவார். மாட்டினால் சில நாள் வீட்டில் உட்காரணும். "அடிச்சு ஜெயிக்கட்டுமா, அடிக்காம தோக்கட்டுமா?" என்று கேட்டால், 24 வயசுப் பையன் எதைச் சொல்வான்? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அடிக்காமல் விட்டதற்கும் தண்டனை உண்டு, தெரியுமோ? இது அடுத்த வேடிக்கை. ஜாக்கி தன் குதிரைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடத்துக்காகக் கடைசி வரை முயற்சி பண்ணியே ஆகணும் என்பது பந்தயத்தின் அடிப்படை விதி. 2004 மார்ச்சில் லிங்ஃபீல்டு மைதானத்தில், ஆறு முறை சாம்பியன் ஜாக்கியான கீரன் ஃபாலன், பாலிஞ்சர் ரிட்ஜ் என்ற குதிரையில் எல்லோரையும் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு வந்தார். ஜெயிச்சாச்சு என்று நினைத்து எல்லைக் கோட்டுக்கு முன்னாடியே குதிரையைத் தளர்த்திவிட, பின்னாடி வந்த 'ரை' என்ற குதிரை கோட்டில் முந்திவிட்டது. கிரிக்கெட்டில் பேட்டைத் தரையில் வைக்காமல் ஜாலியாக ஓடிவந்து ரன் அவுட் ஆவார்களே, அந்த மாதிரி. ஃபாலனுக்கு 21 நாள் தடை. பாலிஞ்சர் ரிட்ஜ் மேல் பணம் கட்டியவர்கள் கதி? ரிசல்ட் ரிசல்ட்தான்.

இந்த 'முயற்சி' விதிக்கும் நம்ம கிண்டிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் தீர்ப்பு. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பும் சூதாட்டமில்லை, திறமை சார்ந்த விளையாட்டு என்றது நீதிமன்றம். அந்தத் திறமையில் குதிரையின் வேகமும் ஜாக்கியின் சாமர்த்தியமும் அடக்கம். அப்போ, மேலே உட்கார்ந்திருப்பவர் ஒழுங்காக ஓட்டவில்லை என்றால்? திறமை எங்கே, சூதாட்டம் எங்கே? (ரேஸுக்குப் போய்ப் பணம் கட்டுங்கன்னு சொல்லலைங்க. பாக்கெட் மணி பத்திரம்!)

தண்டனை எவ்வளவு என்பதைவிட, எப்போது என்பதுதான் இன்னும் சுவாரஸ்யம். தப்பு பண்ணிய மறுநாளே ஜாக்கியை உட்கார வைக்க மாட்டார்கள். முதலாளிகள் வேறு ஆளைத் தேடணும், அப்பீல் பண்ண அவகாசம் வேணும் என்று சுமார் ரெண்டு வாரம் விட்டுத்தான் தடை தொடங்கும். இதை நினைவில் வச்சுக்கிட்டு 2022-க்கு வாங்க. பிரான்ஸில் சான் குலூ மைதானம், செப்டம்பர் 30. மறுபடியும் நம்ம சுமியோன். இந்த முறை சாட்டை இல்லை, முழங்கை! பக்கத்தில் வந்த ரோஸா ரயன் என்ற ஜாக்கியை இடித்ததில், அவர் ஓடும் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். பின்னாடி ஒரு குதிரை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, பெரிய அடி இல்லாமல் எழுந்துவிட்டார். சுமியோனுக்கு 60 நாள் தடை.

ஆனால் ரெண்டே நாளில், அக்டோபர் 2-ம் தேதி, ஐரோப்பாவின் மிகப் பெரிய பந்தயமான ஆர்க் டி ட்ரியோம்ஃப். அதில் வதேனி குதிரையில் ஜம்மென்று உட்கார்ந்து ரெண்டாவது இடம் பிடித்தார் சுமியோன்! தடைதான் இன்னும் தொடங்கலையே! ஸ்டீவர்டுகள் செய்ததைவிட பெரிய தண்டனையைக் கொடுத்தது வதேனியின் முதலாளியான ஆகா கான் தரப்புதான். சுமியோனுடனான ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டார்கள்.

இத்தனை வருஷம் கழித்து, 2023-ல்தான் பிரிட்டன் கொஞ்சம் விழித்துக்கொண்டது. சமவெளிப் பந்தயத்தில் ஆறு அடி, தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு அடி. பெரிய பந்தயம் என்றால் தண்டனை இரட்டிப்பு. முக்கியமான விஷயம், வரம்புக்கு மேல் நாலு அடியோ அதற்கு மேலோ அடித்தால், குதிரையே தகுதி நீக்கம்! டெட்டோரியின் அந்த 24 அடி இன்றைக்கு விழுந்தால் ரீவைல்டிங்குக்குக் கோப்பை கிடையாது. இப்போது முதலாளியே ஜாக்கியிடம், "தம்பி, பார்த்து அடிப்பா" என்று சொல்ல ஆரம்பிப்பார் இல்லையா? எனக்குப் பிடித்த மாற்றம் அதுதான். ஜாக்கியை மட்டும் மிரட்டி நடக்காத வேலை, முதலாளியின் பாக்கெட்டில் கை வைத்தால் நடக்கும்.

இதை நார்வேக்காரர்களிடம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அங்கே 1982-லேயே குதிரையை வேகமாக ஓடவைக்க அடிப்பதற்குத் தடை போட்டாச்சு. குதிரைகள் அங்கேயும் ஓடிக்கொண்டுதான் இருக்கு.

பிரிட்டனின் புது விதியிலும் ரெண்டு ஓட்டை. வரம்புக்கு மேல் மூணு அடி வரைக்கும் பழைய கதைதான். ஜாக்கிக்கு லீவு, குதிரைக்குக் கோப்பை. பழைய மனக்கணக்கு மூணு அடிக்குள்ளே இன்னும் செல்லும். ரெண்டாவது, அடிகளை எண்ணி முடிவு சொல்லும் குழு பந்தயம் நடக்கும் அன்றைக்கே கூடுவதில்லை. சில நாள் கழித்து வீடியோ பார்த்துத்தான் தீர்ப்பு. அப்போது கோப்பையும் பரிசுப் பணமும் கை மாறும். ஆனால் பெட் கட்டியவர்களின் கணக்கு மைதானத்திலேயே முடிந்துவிட்டது. தகுதி நீக்கமான குதிரை மேல் கட்டியவர் காசை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ரெண்டாவதாக வந்து, அப்புறம் முதலிடத்துக்கு உயர்த்தப்பட்ட குதிரை மேல் கட்டியவரின் சீட்டு அன்றைக்கே குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

சோ யூ திங்க் என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? 2012 ஜூனில் அதே அஸ்காட்டுக்கு, அதே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸுக்குத் திரும்பி வந்தது. ஜெயித்தது!