நகரத்துக் கல்லூரியா, வளாகத்து விடுதியா?

பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் உங்களில் பலருடைய வீட்டில் இந்தப் பேச்சு எழும்: "சென்னைக்கா, சிதம்பரத்துக்கா?" 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறைகள் சேப்பாக்கம், கிண்டி, தரமணி என்று பரவிக் கிடக்கின்றன. இளங்கலை மாணவர் பெரும்பாலும் அதன் இணைப்புக் கல்லூரிகளில்தான் சேர வேண்டும். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ வகுப்பறை, நூலகம், விடுதி எல்லாவற்றையும் அண்ணாமலைநகரில் ஒன்றாக வைத்திருக்கிறது.

முதலில் ஓர் எளிய கணக்கு. பேருந்தில் கல்லூரிக்குப் போய்வர நாளுக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180 வேலை நாட்கள் என்றால் 360 மணி நேரம்! விடுதி மாணவருக்கு அது மிச்சம். (அதைச் சீட்டாட்டத்தில் தொலைத்தவர்களையும் நான் அறிவேன்.)

ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் ஆராய முற்பட்டார். படம் தெளிவாக விழவேண்டுமானால், இழைகள் ஒரே திசையில் ஒழுங்காக அமைந்த மாதிரி தேவை. எங்கே தேடுவது? அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண்! கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அவர் வெளியிட்ட மூவிழைச் சுருள் அமைப்பு உலக விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்தது. நகரத்தின் பலம் இப்படிப்பட்ட அண்டை வீட்டார்தாம்.

நான் முதுகலை படித்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு வளாகத்தில். அங்கே கங்காரு வால் கிடைக்காது. ஆனால் ஒளியின் குறுக்கீட்டு விளைவு வகுப்பில் மூன்று முறை கேட்டும் எனக்குப் பிடிபடாதபோது, மூத்த மாணவர் ஒருவர் இரவு உணவுக்குப் பின் விடுதி மொட்டை மாடியில் சாக்குக்கட்டியால் அலைகளை வரைந்து புரியவைத்தார். மாலைப் பேருந்துக்கு ஓடுகிறவனுக்கு அந்த இரவு வாய்த்திராது.

அதே விடுதியில் என் அறைத் தோழன், என்னைவிடக் கெட்டிக்காரன், உணவுக் கட்டணம் கட்ட முடியாமல் முதலாண்டின் நடுவிலேயே ஊர் திரும்பினான். அவன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் அரசுக் கல்லூரி இருந்தது. சேரும்போது இருவருமே அதை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே விண்ணப்பிக்குமுன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகும் நூலகத்தில் விளக்கு எரிகிறதா? பக்கத்தில் என்னென்ன ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன? விடுதிக்கும் உணவுக்கும் மாதம் எவ்வளவு ஆகும், உதவித்தொகை எந்த மாதத்தில் கைக்கு வரும் என்பதை அலுவலகத்தில் மட்டுமல்லாமல், அங்கே படிக்கும் இரண்டாமாண்டு மாணவரிடமும் கேளுங்கள்.