சேரியின் ஓட்டு இரகசியமா?

வாக்குப்பதிவுக்கு மறுநாள். களையெடுக்கப் போன என் அம்மாவிடம், வரப்பில் நின்றபடி நிலக்காரர் கேட்டார்: "யாருக்குப் போட்ட?"

"நீங்க சொன்ன சின்னத்துக்குத்தாங்க."

தலை நிமிராமல் களை பறித்துக்கொண்டே சொன்னார் அம்மா. அப்போது நான் கல்லூரி மாணவன். விஷயம் தெரிந்ததும் எனக்குக் கோபம். "நெசமாவே போட்டியா, பொய் சொன்னியா?" என்று கேட்டேன். "அத உங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 94ஆம் பிரிவு சொல்வதும் அதுதான்: யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தேர்தல் பணியில் இருப்பவரோ முகவரோ இரகசியத்தை வெளியிட்டால் 3 மாதம் வரை சிறை என்கிறது 128ஆம் பிரிவு.

"யாருக்குப் போட்டோம்னு தைரியமா சொல்றதுல என்னண்ணே தப்பு? மறைக்கிறது பயம்தானே?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சொந்தத் தெருவில் கொடிக்கம்பம் நடுவதற்கே அடிபட்டவர்கள் நாம். வெளிப்படையாகச் சொல்வதில் ஒரு மானம் இருக்கிறது. நானும் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறேன். ஆனால் எனக்குக் கூலி கொடுப்பவர் அந்த நிலக்காரர் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்தவர் அவர். எல்லோரும் சொல்லியாக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டால், வாய் திறக்காதவர் மீதுதான் சந்தேகம் விழும்.

தனி ஆளின் ஓட்டைச் சட்டம் மூடிவைக்கிறது. சேரியின் ஓட்டை மூடவில்லை. ஊர்த்தெருப் பள்ளிக்குப் போய் வாக்களிக்க அஞ்சிய இடங்களில் நம் மக்கள் தனி வாக்குச்சாவடி கேட்டார்கள். அந்தச் சாவடியே இப்போது நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு இயந்திரமும் தனித்தனியாக எண்ணப்பட்டு, படிவம் 20இல் சாவடி வாரியாகக் கணக்கு வெளியாகிறது. காலனி எந்தச் சின்னத்துக்குப் போட்டது என்று டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரங்களுக்கும் அப்படி, பலவற்றின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

கருவி வந்தால் மட்டும் போதுமா? தொல்.திருமாவளவன் போட்டியிட்ட 1999 சிதம்பரம் மக்களவைத் தேர்தலின்போது தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 18இல் அதே தொகுதியின் பொன்பரப்பியில், வாக்குப்பதிவு நாளன்றே வீடுகள் நொறுக்கப்பட்டன. வாக்கு எண்ணிக்கை வரை அங்கே யாரும் காத்திருக்கவில்லை. தெருவைப் பார்த்தே ஓட்டை முடிவு செய்துவிட்டார்கள்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, இன்னாருக்கு வாக்களி என்று பட்டியல் சாதியினரை மிரட்டுவதும், தேர்தலுக்குப் பின் வேலை மறுத்து ஒதுக்கிவைக்க மிரட்டுவதும் வன்கொடுமையே. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மிரட்டியவர் யார், என்ன சொன்னார், எந்த நாள், எந்த இடம், கேட்டவர்கள் யார் யார் என்று புகாரில் தெளிவாக எழுதுங்கள். "சரி, நீ யாருக்குத்தான் போட்ட?" என்று காவல் நிலையத்தில் கேட்டாலும் பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.