உங்களுக்குத் தெரியுமா? கத்தோலிக்கரும் கிறிஸ்தவர்தான்!

“நீங்க ஆர்.சி.ங்களா, கிறிஸ்டியனுங்களா?” சத்தியமங்கலம் பக்கம் பெண் பார்க்கும் பேச்சில்கூட இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர்; உண்மையில் உலகக் கிறிஸ்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கத்தோலிக்கர்.

■ கொங்கு நாட்டில் முந்தி வந்தவர்களும் அவர்களே. 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் சத்தியமங்கலத்தில் பணியாற்றினர். சீர்திருத்த சபையான லண்டன் மிஷன் கோவைக்கு வந்தது 1830இல்.

■ முறையாக ஞானஸ்நானம் பெற்ற பிற சபையினரும் கிறிஸ்தவர்களே, சகோதரர்களே என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக மாறினால், மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. பெந்தெகொஸ்தே சபைகள் அப்படியல்ல. குழந்தைப் பருவத்தில் பெற்றதை ஏற்காமல், வளர்ந்தபின் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கின்றன.

■ கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள்; சீர்திருத்த சபையாரிடம் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவையே வித்தியாசம். ஆனாலும் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் ‘திருவிவிலிய’மாக வெளிவந்தது.

■ போப்பின் அதிகாரம், மாதா வணக்கம், நற்கருணை ஆகியவற்றில் கருத்து வேறுபாடு இன்றும் நீடிக்கிறது.

கல்யாணம் பேசும் வீட்டார் கவனத்துக்கு: கத்தோலிக்கர் ஒருவர் சி.எஸ்.ஐ. வரனைக் கோயிலில் மணக்கத் தடையில்லை. மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். பங்குக் குருவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.