உவர்க்காற்றும் மோட்டார் வண்டியும்



மன்னார்த் தீவில் வாழ்பவர்களுக்குக் காற்றின் பெயர்களைக் கற்பிக்க வேண்டியதில்லை. மாரியில் வாடை, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் ஓயாது வீசுவது சோளகம். அக்காற்றின் வலிமையை நம்பியே 2020ஆம் ஆண்டு டிசெம்பரில், தீவின் தென்கரையில் 30 பெருஞ் சுழலிகளைக் கொண்ட தம்பபவனி காற்றாலை நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நமக்கு மின்சாரம் தருகின்ற அதே காற்றுத்தான், அலை நுரையிலிருந்து கிளம்பும் உப்புத் துகளையும் கரை மணலையும் வாரிவந்து நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் வண்டியின்மேல் எறிகின்றது. தீவின் நீளம் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். அகலமோ மிகச் சிறிது. ஆகவே, கடலுக்குத் தொலைவில் வண்டியை நிறுத்தி வைப்போம் என்று எவரும் சொல்ல இயலாது.

வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஓர் அன்பரைக் கற்பனை செய்து கொள்வோம். மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதே அவர் தொழில். இலங்கையில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளில், உள்ள வண்டியைக் காப்பதே முதலைக் காப்பதாயிற்று. அவரிடம் ஒருவர், “பெருந்தொகை செலவிட்டுச் செராமிக் பூச்சுப் பூசிவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை” என்கிறார். மற்றொருவர், “ஒரு வாளித் தண்ணீரும் சிறிது மெழுகும் போதும்” என்கிறார். இவ்விருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

விடை காண்பதற்கு முன், வண்டியின் மேனியில் உள்ளது யாதென அறிதல் வேண்டும். இக்காலத்து வண்டியின் உருக்குத் தகட்டின்மேல் கறளைத் தடுக்கும் அடிப்பூச்சு ஒன்று, அதன்மேல் மட்டப்படுத்தும் பூச்சு, பின்னர் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு. இவை யாவும் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரையே தடிப்புடையன. அஃதாவது, தலைமயிர் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவு. அதிலும் தெளிபூச்சு 40 அல்லது 50 மைக்ரோன்தான். வண்டியின் பளபளப்பு முழுவதும் இந்த மெல்லிய போர்வையிலேயே தங்கியுள்ளது.

இப்போர்வைக்குப் பகைவர் மூவர். முதலாமது வெயில். அதிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் பூச்சின் பிணைப்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இரண்டாமது மணல். வெண்மணலின் பெரும்பகுதியான குவாட்சு தெளிபூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. மூன்றாமது உப்பு. உப்பு காய்ந்து கிடக்கையில் அத்துணைத் தீங்கு செய்வதில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தை எட்டும்போது சாதாரண உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டோ அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். இதனால், மழை பெய்யாத இரவிலும் நம் வண்டி உவர்நீரில் நனைந்தபடியே நிற்கின்றது.

உப்பு நல்ல பூச்சைத் துளைத்துக்கொண்டு செல்வதில்லை என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். கல் பட்டுப் பூச்சுத் தெறித்த இடம், கதவின் அடிவிளிம்பு, சக்கரங்களின் மேல்வளைவு, வண்டியின் அடித்தளம் ஆகிய இடங்களில்தான் அது இரும்பைத் தொடுகிறது. தொட்டவுடன் கறள் தொடங்குகிறது. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அருகிலுள்ள நல்ல பூச்சையும் கொப்புளம்போல் உயர்த்திப் பெயர்த்துவிடுகிறது.

இனி, தொழிலாளர் செய்து தரும் காப்புகளைப் பார்ப்போம். செராமிக் பூச்சு என்பது சிலிக்கா வகையைச் சேர்ந்த திரவம். தெளிபூச்சின்மேல் பிடித்து இறுகியபின் ஓரிரு மைக்ரோன் தடிப்பே இருக்கும். நீரும் அழுக்கும் அதில் எளிதில் ஒட்டுவதில்லை. கழுவும் வேலை குறைகிறது. மெழுகைவிட நெடுங்காலம் நிற்கிறது. இவை மெய்யான நன்மைகள். ஆனால் விளம்பரங்களில் காணப்படும் “ஒன்பது எச்” என்னும் கடினம் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவேயன்றி, மாணிக்கக் கற்களை அளக்கும் அளவன்று. மணலுடன் துணியைத் தேய்த்தால் அதுவும் கீறுபடும். கல் பட்டால் தெறிக்கும்.

மற்றொன்று பாலியூரதேன் படலம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகொப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்தபோது அதனைத் தடுக்கக் கண்ட உபாயத்திலிருந்து வளர்ந்தது இது. 150 மைக்ரோனுக்கு மேற்பட்ட தடிப்புடையதாதலின், பறந்துவரும் சிறு கல்லை உண்மையாகவே தாங்கும். விலையோ மிக அதிகம். வண்டி முழுவதும் ஒட்டாமல், முன்மூடியின் விளிம்புக்கும் கதவுகளின் கீழ்ப்பகுதிக்கும் மட்டும் ஒட்டுவித்தால் செலவுக்கேற்ற பலன் உண்டு.

ஆனால் இவ்விரண்டும் காப்பது மேற்புறத்தை. நம் தீவில் வண்டியைக் கொல்லும் கறளோ அடிப்புறத்திலிருந்து வருகிறது. மேலே கண்ணாடிபோல் ஒளிரும் வண்டி, கீழே சல்லடையாகிக் கிடத்தல் கூடும். பூச்சுக்குப் பணம் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் கழுவுவதைக் கைவிடுபவருக்கு அப்பணமே தீங்காக முடிகிறது.

வீட்டிலே நாம் செய்யத்தக்கன யாவை? சோளக காலத்தில் வாரம் ஒருமுறையேனும் வண்டியைக் கழுவுதல் வேண்டும். முதலில் துணி படாமல் நீரை ஊற்றி மணலை ஓடவிடுக. உலர்ந்த துணியால் தூசி தட்டுவது, வண்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பின்னர் வண்டிக்கென விற்கும் சோப்பு நீரால் கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுக. சவர்க்காரத் தூள் மெழுகைக் கரைத்துவிடும். துணியை அலச வேறொரு வாளி இருத்தல் நன்று. சக்கர வளைவுகளுக்குள்ளும் அடித்தளத்திலும் நீரைப் பீய்ச்சுக. கதவுகளின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் அடைபட்டிருந்தால் திறந்துவிடுக. உள்ளே தேங்கும் நீர்தான் கதவை உள்ளிருந்து தின்கிறது.

தீவின் கிணற்று நீர் சில இடங்களில் உவராகவும், பல இடங்களில் சுண்ணாம்பு மிகுந்தும் இருக்கும். அது வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் பூச்சில் படிந்துவிடும். எனவே நிழலிலே கழுவி உடன் துடைத்தல் நலம். சேமித்த மழைநீர் இருப்பின் கடைசி அலசலுக்கு அதனைப் பயன்படுத்துக. பறவை எச்சத்தை அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுக. காற்றடிக்கும் நாளில் வண்டிக்கு உறை போடுவதும் ஆபத்தே. உறைக்குள் புகுந்த மணல் காற்றின் அசைவில் பூச்சை இடையறாது அராவிக்கொண்டிருக்கும். உறையினும் ஓலைக் கொட்டகை மேலானது.

இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசுக. பிரேசில் நாட்டிலே கார்னௌபா என்றொரு பனை வகையுண்டு. வெயிலிலே தன் ஈரத்தைக் காக்க அதன் ஓலையில் படியும் மெழுகே நம் வண்டி மெழுகுகளில் சிறந்ததாகக் கொள்ளப்படுகிறது. பனை சூழ்ந்த மன்னாரில் வாழ்வோருக்கு இது வியப்பாகாது.

சிலர் அடித்தளத்தில் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவர். அது இறப்பர் உறுப்புகளைக் கெடுக்கும். சொட்டி மணலில் இறங்கி, கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும் நம் நன்னீரையும் கெடுக்கும். நாம் குடிக்கும் கிணற்றில் அதனைக் கலத்தல் ஆகுமா? அதற்கென உள்ள மெழுகுக் காப்பையே தேர்ந்த கராஜ் ஒன்றில் பூசுவித்தல் தகும்.

ஆகவே நம் வாடகை வண்டி அன்பருக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே. கையில் உள்ள பணத்தில் முதற்பங்கை அடித்தளக் காப்புக்குச் செலவிடுக. இரண்டாவதாக, பூச்சுத் தெறித்த ஒவ்வோரிடத்தையும் கறள் நீக்கி, அடிப்பூச்சும் நிறமும் இட்டு மூடுக. இவ்விரண்டும் முடிந்தபின் பணம் மிஞ்சினால், வண்டியும் புதியதாயின், செராமிக் பூச்சைப் பற்றி எண்ணலாம். ஏற்கெனவே மங்கிய பூச்சின்மேல் அதனை இட்டால், மங்கலையே பூட்டி வைத்தவராவோம். எதைச் செய்வித்தாலும் வாராந்தக் கழுவல் நீங்கவில்லை என்பதை மறத்தலாகாது.

கரைவலைக்காரர் கரை சேர்ந்ததும் கருவிகளை நன்னீரில் அலசி வைப்பதைக் கண்டிருக்கிறோம். கடலோடு பழகியவர் கற்ற அப்பழக்கத்தை வண்டியோடு பழகுபவரும் கைக்கொள்வாராக. இன்று மாலை வீடு திரும்பியதும், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து, உங்கள் வண்டியின் அடிப்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.