10 லட்சத்தில் ஒருவருக்கு வரும் அட்ரினல் புற்றுநோய்... பிழைப்பவர்கள் எத்தனை பேர்?

வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கப்போன இடத்தில், "சிறுநீரகத்துக்கு மேல சின்னதா ஒரு கட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். பாம்பனோ, தங்கச்சிமடமோ, அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பயப்படும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

எவ்வளவு அபூர்வம்?

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பிபோல உட்கார்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் அட்ரினல் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். இந்தச் சுரப்பியின் புறணியில் உருவாகும் புற்றுநோய், உலக அளவில் 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே வருகிறது.

2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 13.5 லட்சம். அதே விகிதத்தைப் பொருத்தினால், மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒருவரிலிருந்து மூன்று பேர்வரைதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், 40, 50 வயதுகளில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு சற்று அதிகம்.

உயிருக்கு எவ்வளவு ஆபத்து?

அபூர்வம்தான், ஆனால் பொல்லாதது. ஜெர்மனி நோயாளிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான கணக்கு இது. கட்டி 5 செ.மீ-க்குள், சுரப்பியைத் தாண்டாமல் இருந்தால், ஐந்து ஆண்டுகளில் இந்த நோய்க்குப் பலியாகாமல் தப்பியவர்கள் 100-க்கு 82 பேர். 5 செ.மீ-யைத் தாண்டினால் 61. அருகிலுள்ள திசுக்களுக்குப் பரவினால் 50. நுரையீரல், கல்லீரல் என்று தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டால் வெறும் 13.

82-க்கும் 13-க்கும் நடுவே இருப்பது, சீக்கிரம் கண்டுபிடிப்பதும் கட்டியை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சையும்தான்.

எதைக் கவனிக்க வேண்டும்?

* மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், திடீரென ஏறும் சர்க்கரை
* முகம் உப்பி, வயிறு பெருத்து, கை கால் மட்டும் மெலிதல்
* பெண்களுக்கு மீசை, தாடி முளைத்தல், மாதவிலக்கு தள்ளிப்போதல்
* சிறு குழந்தைகளிடம் பருவமடைந்த அறிகுறிகள்

இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், 'பிரஷர்தானே' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரிய சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

ஸ்கேனில் கட்டி என்று வந்தால் கேட்க வேண்டியவை மூன்று: அளவு என்ன? ஹார்மோன் சுரக்கிறதா? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?