பேரிங் புல்லர்: மலிவானது போதுமா, தரமானது வேண்டுமா?

சாத்தூர் அருகிலுள்ள அச்சங்குளம், கரிசல் காடுகளும் பட்டாசு ஆலைகளும் சூழ்ந்த ஊர். 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு அதன் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது. உராய்வு என்ன செய்யும் என்று அங்கே யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. மருந்து அறைக்குள் இரும்புக் கருவி கூடாது. பித்தளை, அலுமினியம், மரம்தான். ஆனால் இந்த எச்சரிக்கை கிணற்றடி வரை வருவதில்லை. மோட்டார் 'கர்ர்' என்று சத்தம் போட்டால், அச்சங்குளம் என்றில்லை, கரிசல் பூமி முழுவதும் முதலில் கைக்கு வருவது உளியும் சுத்தியலும்தான்.

பேரிங் வளையம் மிகவும் கடினப்படுத்தப்பட்ட எஃகு. சுத்தியல் முகமும் அப்படியே. இரண்டும் மோதும்போது ஊசிமுனை அளவுச் சில்லு தெறிக்கும். அது கண்ணில் பாய்ந்தால் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி தேடி ஓட வேண்டும். கண் தப்பினாலும் ஷாஃப்ட் தப்பாது. உளி பட்ட இடத்தில் பள்ளம் விழும். புது பேரிங் அதில் இறுகி உட்காராது. பிறகு லேத் பட்டறை, கூலி, இரண்டு மூன்று நாள் காத்திருப்பு. கதிர் பிடிக்கும் மக்காச்சோளத்துக்கு ஒரு தண்ணீர் தேவைப்படும் வாரத்தில் இது நடந்தால், பேரிங்கின் விலை பெரிதாகத் தெரியாது.

இதைத் தவிர்க்கத்தான் புல்லர். நடுவில் ஒரு நீளத் திருகு, அதைத் தாங்கும் தலை, இரண்டு அல்லது மூன்று கால்கள், கால் நுனியில் கொக்கி. கொக்கிகள் பேரிங்கின் பின்பக்கத்தைப் பிடிக்க, திருகின் முனை ஷாஃப்டின் நடுப்புள்ளியை அழுத்த, ஸ்பேனரால் சுற்றச் சுற்ற பேரிங் வெளியே வரும். கடையில் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

விலை எங்கே போகிறது?

முதலில் காலுக்கு. மலிவானவற்றில் பல, வார்ப்பில் ஊற்றி எடுத்தவை. சுமை மீறினால் வார்ப்பு படக்கென்று முறியும். முறிந்த துண்டு முகத்தை நோக்கித்தான் வரும். காய்ச்சி அடித்துச் செய்த எஃகுக் கால் பெரும்பாலும் முதலில் விரியும், வளையும். நிறுத்திக்கொள்ள அவகாசம் தரும். கொல்லன் அடித்த மண்வெட்டிக்கும் வார்ப்புச் சட்டிக்கும் உள்ள வேறுபாடுதான் இது. தரமான காலின் கொக்கி மெல்லியதாகவும் இருக்கும். பேரிங்குக்கும் மோட்டார் ரோட்டாருக்கும் இடையிலுள்ள சின்ன இடுக்கில் நுழையும். தடித்த கொக்கி அங்கே நுழையாமல் விளிம்பில் மட்டும் தொற்றி நழுவும்.

அடுத்து திருகு. மலிவான திருகில் மரை கரடுமுரடாக இருக்கும், இரும்பும் மென்மையாக இருக்கும். நாலைந்து முறை பாரம் ஏற்றியதும் மரை தின்றுபோகும், முனை காளான்போல் விரியும். நல்ல புல்லரில் மரை நெருக்கமாக இருப்பதால் குறைந்த கைபலத்தில் அதிக இழுவை கிடைக்கிறது. எத்தனை டன் வரை தாங்கும் என்ற விவரத்தையும் தயாரிப்பாளர் கொடுத்திருப்பார். அந்த விவரமே இல்லாத புல்லரை நம்பிப் பெரிய பேரிங்கில் கை வைக்கக் கூடாது.

எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாம்

மலிவானது போதுமா என்ற கேள்விக்குப் பதில் பேரிங்கின் மேலேயே பொறித்திருக்கிறது. 6204, 6205, 6206 போன்ற எண்களில் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்துளை மில்லிமீட்டரில் வரும். 6204 என்றால் 20, 6205 என்றால் 25. (04-க்குக் கீழே இந்தக் கணக்கு பொருந்தாது, 6203-இன் துளை 17.) 6204-இன் வெளிவிட்டம் 47 மி.மீ., 6206-இன் வெளிவிட்டம் 62 மி.மீ. வீட்டு மோட்டார், சிறிய மோனோபிளாக் பம்ப்செட் போன்றவற்றில் பெரும்பாலும் இந்த அளவுகள்தான். இதற்கு 4 அங்குல மூன்று கால் புல்லர் தாராளம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை எடுக்கும் வீட்டில், பார்த்து வாங்கிய மலிவு விலை புல்லரே பல வருடம் உழைக்கும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

6308 என்றால் கதை வேறு. துளை 40, வெளிவிட்டம் 90 மி.மீ. ரோட்டவேட்டர், டிராக்டர் பக்கம் போனால் இந்த ரகப் பேரிங்குகள் வரும். சேறும் துருவும் ஏறி இறுகியிருக்கும். அங்கே மலிவுப் புல்லரை மாட்டி, ஸ்பேனருக்குக் குழாய் சொருகி நெம்புவது வம்பை விலைக்கு வாங்குவது. டபாரியா போன்ற நம் நாட்டுத் தயாரிப்பிலோ, எஸ்.கே.எஃப். போன்ற பேரிங் கம்பெனிகளின் தயாரிப்பிலோ தாங்கும் டன் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குக் கொண்டுபோவதே மேல்.

கடையில் நிற்கும்போது திருகைக் கையாலேயே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டிப் பார்ப்பது நல்லது. எங்காவது பிடித்தால் வேண்டாம். கால்கள் மூன்றும் ஒரே நீளமா, கொக்கிகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, திருகுமுனை நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காலில் புழை, மணல் பொரிந்ததுபோன்ற தழும்பு இருந்தால் அது நல்ல வார்ப்புகூட இல்லை.

இழுக்கும்போது

எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் தவறாக இழுத்தால் பயனில்லை. மோட்டார் ஷாஃப்டில் இறுகியிருப்பது பேரிங்கின் உள்வளையம். கொக்கி அதைப் பிடிக்க வேண்டும். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் பாரம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும். அந்தப் பேரிங்கைத் திரும்ப மாட்டக் கூடாது. எப்படியும் தூக்கிப் போடப்போகும் பேரிங் என்றால் பாதகமில்லை. கொக்கி நுழைய இடமே இல்லையென்றால் இரண்டு பாதியாகப் பிரியும் தட்டு ஒன்றைப் பேரிங்குக்குப் பின்னால் இறுக்கி, அந்தத் தட்டைப் பிடித்து இழுக்கலாம்.

திருகு மரைக்கும் முனைக்கும் கிரீஸ் தடவ வேண்டும். துருவுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்கலாம். பேரிங் விடும்போது 'டக்' என்று குதிக்கும். அதனால் புல்லரையும் பேரிங்கையும் சேர்த்து ஒரு சாக்கைச் சுற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நேர் எதிரே நிற்காமல் திருகுவது பாதுகாப்பு. பட்டாசு வேலைக்குப் போய் வருகிறவர்கள் குளித்து, மருந்துத் தூசி படிந்த உடுப்பை மாற்றாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. கிரைண்டர், கேஸ் தீ வைக்கும் வேலையென்றால் இன்னும் கண்டிப்பாக.

தனியாகத் தரமானது வாங்க முடியாதவர்கள் சேர்ந்து வாங்கலாம். தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 விவசாயிகள் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. அதில் ரோட்டவேட்டர், பவர் டில்லர் வாங்கிய குழுக்கள் உண்டு. அவற்றைப் பிரித்துச் சரிபார்க்கும் கருவியைப் பற்றி யோசித்தவை குறைவு. ரோட்டவேட்டர் வைத்திருக்கும் குழு தன் சேமிப்பில் 8 அங்குலத் தரமான புல்லர் ஒன்றும் அந்தப் பிரியும் தட்டும் வாங்கி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் குழு அறையிலேயே வைக்கலாம். எடுத்துப் போகிறவர் பெயரை நோட்டில் எழுதி வைப்பது அவசியம். ஊரில் இரவல் போன கருவி திரும்பி வந்த கதை எல்லோருக்கும் தெரியும்.