பொய்யெச்சரிக்கையும் மெய்த்தொற்றும்: மின்னஞ்சல் நச்சுநிரல்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் காங்கேசன்துறையிலிருந்தும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்த மக்கள், கையில் எடுக்க முடிந்தவற்றை மட்டுமே எடுத்துச் சென்றனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம், கடிதக் கட்டு ஆகியன பல வீடுகளில் ஒரே ஒரு படியாகவே இருந்தன. வீட்டோடு அவையும் போயின. உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிய நிலங்களிற் பல, ஏறத்தாழ இரு தசாப்தங்களும் அதற்கு மேலும் கழிந்த பின்னரே கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. உலகின் பல நகரங்களிற் சிதறிய அக்குடும்பங்களை இன்று இணைத்து வைத்திருப்பவை மின்னஞ்சலும் கைத்தொலைபேசியுமே. எஞ்சிய உறுதிகளின் படிகளும் படங்களும் கணினிக் கோப்புகளாகிவிட்டன. எனவே, வைரஸ் எனப்படும் நச்சுநிரல் பற்றிய வினாவைத் தொழில்நுட்பவியலாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் இயலாது. ஒரு சமூகத்தின் ஆவணங்களை யார், எங்ஙனம் காப்பது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

இல்லாத நச்சுநிரல் பற்றிய பொய்யெச்சரிக்கை, உண்மையான தொற்று ஆகிய இரண்டினையும் நாம் ஈண்டு நோக்குவோம். இரண்டும் வேறு வேறானவை. எனினும், அறிமுகமானவர்மீது நாம் கொண்டுள்ள நம்பிக்கையே இரண்டும் பயணம் செய்யும் பாதை என்பது நமது கருத்து.

1. பொய்யெச்சரிக்கை

மின்னஞ்சல் வருவதற்கு முன்னரே இவ்வகைக் கடிதம் நம்மிடையே வழங்கிற்று. கடவுளின் பெயரால் வந்த கடிதத்தைப் பிரதிசெய்து இத்தனை பேருக்கு அனுப்பினால் நன்மை விளையும், கிழித்தெறிந்தால் தீங்கு நேரும் என்று அது கூறும். 1994 இன் இறுதியில் அமெரிக்காவிற் பரவிய 'குட் டைம்ஸ்' எச்சரிக்கை இதன் நவீன வடிவமே. அத்தலைப்புடைய மின்னஞ்சலை வாசித்தாலே வன்தட்டிலுள்ளவை அழிந்துவிடும் என்றும், அறிந்தவர் அனைவருக்கும் இதனை அறிவிக்குமாறும் அது கூறியது. அன்றைய மின்னஞ்சல் பெரும்பாலும் வெறும் எழுத்துத் தொடராகும். வாசிப்பதால் மட்டும் அதனுள் எதுவும் இயங்குவதற்கு வழியில்லை. அப்படியொரு நச்சுநிரலும் இருக்கவில்லை. கடவுளின் இடத்தில் அமெரிக்க அரசின் தொடர்பாடல் ஆணைக்குழுவின் பெயர் நின்றது. அச்சமும் 'பரப்புக' என்னும் கட்டளையும் மாறவில்லை.

இலங்கையிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, யாழ்ப்பாணம் வெளியுலகோடு மீளவும் தொடர்புகொள்ளத் தொடங்கிய 2002 ஆம் ஆண்டில், வேறொரு பொய்யெச்சரிக்கை உலகை வலம்வந்தது. விண்டோஸ் கணினியில் கரடிப் பொம்மையின் உருவங்கொண்ட கோப்பொன்று இருக்கும், அது நச்சுநிரல், எந்த எதிர்ப்பு மென்பொருளாலும் அதனைக் கண்டுபிடிக்க இயலாது, உடனே அழித்துவிட்டு, முகவரிப் பட்டியலிலுள்ள அனைவருக்கும் அறிவியுங்கள் என்றது அச்செய்தி. தேடியவர்கள் கரடியைக் கண்டனர், அழித்தனர், அறிவித்தனர். உண்மையில் அது விண்டோஸுடனேயே வந்த ஒரு துணைக்கோப்பாகும். குற்றம் இல்லாமையால் மென்பொருள் எதனையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காமையே குற்றத்தின் சான்றாகக் காட்டப்பட்டது. அழித்தல், பரப்புதல் ஆகிய நச்சுநிரலின் இரு பணிகளையும் மனிதரே தம் கையாற் செய்து முடித்தனர்.

2. மெய்த்தொற்று

உண்மையான நச்சுநிரலின் வரலாறு நமது அயலிலேயே தொடங்குகிறது எனலாம். 1986 இல் லாகூரிற் கணினிக் கடை நடத்திய சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்', ஐ.பி.எம். வகைக் கணினிகளிற் பரவிய முதல் நச்சுநிரலாகக் கருதப்படுகிறது. தமது மென்பொருளைக் களவாகப் பிரதிசெய்வோரைக் கண்டறியவே அதனை எழுதியதாக அவர்கள் கூறினர். தம் பெயரையும் முகவரியையும் அதனுள்ளேயே பொறித்தும் வைத்தனர். நெகிழ்தட்டிலேறி அது கண்டங்களைக் கடந்தது.

2000 மே 4 இல் மணிலாவிலிருந்து பரவிய 'ஐ லவ் யூ' தொற்றுக்கு நெகிழ்தட்டுத் தேவைப்படவில்லை. காதற் கடிதம் என்று பெயரிட்ட இணைப்புக் கோப்பொன்று அறிந்தவரின் முகவரியிலிருந்தே வந்தது. கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியை விண்டோஸ் வழமையாக மறைத்துவிடுவதால், இயங்கும் நிரலொன்று சாதாரண எழுத்துக் கோப்பாகவே தோன்றியது. திறந்ததும் அது படங்களை அழித்தது. முகவரிப் பட்டியலிலுள்ள அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பியது. அதனை எழுதிய மாணவர், கட்டணம் செலுத்த இயலாதவர் இணையத்தைப் பயன்படுத்துவதற்காகக் கடவுச்சொற்களைக் கவர முயன்றதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இணையம் விலைப்பண்டமாக இருந்தமை இத்தொற்றின் பிறப்போடு தொடர்புடையது. இக்காரணம் விளைந்த நாசத்தை நியாயப்படுத்தாது. ஆயினும் அதனை விளங்கிக்கொள்ள உதவும்.

3. தனியாளும் நிறுவனமும்

தொற்று ஏற்பட்டவுடன், "யார் அந்த இணைப்பைத் திறந்தது?" என்று கேட்பது அலுவலகங்களின் வழமை. பழி கடைநிலை எழுதுவினைஞர்மீது சென்று முடியும். இக்கேள்வி போதுமானதன்று. 2017 மே 12 இல் ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கிய 'வொனாக்ரை' என்னும் கப்பத் தொற்று, அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் தன் தேவைக்காக மறைத்துவைத்து, பின்னர் கசிந்துபோன கருவியொன்றைப் பயன்படுத்தியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் ஏற்றப்படாத கணினிகளே பெரிதும் வீழ்ந்தன.

இலங்கை அரசின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சற் சேவை கப்பத் தொற்றுக்கு உள்ளாகியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெறப்படவில்லை. அக்காலத்துக்குரிய காப்புப் படி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருள் 2013 ஆம் ஆண்டுக்குரியது. அதனைப் புதுப்பிக்காமைக்கு நிதிப் பற்றாக்குறையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. பராமரிப்பு என்னும் கண்ணுக்குப் புலப்படாத உழைப்புக்கே செலவுக்குறைப்பின்போது முதலிற் கைவைக்கப்படுகிறது. அதன் விலையைப் பொதுமக்களின் ஆவணங்கள் செலுத்துகின்றன.

4. செய்யத்தக்கவை

பொய்யெச்சரிக்கையை இனங்காண்பது கடினமன்று. நாளோ மூலமோ குறிப்பிடாமல், பெரிய நிறுவனமொன்றின் பெயரை மட்டுங் கூறி, அனைவருக்கும் அனுப்புமாறு வற்புறுத்தும் செய்தியை ஐயுறவேண்டும். இன்று வட்ஸ்அப்பில் வருவனவற்றுக்கும் இது பொருந்தும். 2006 இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசர ஆயத்த அணி போன்ற பொறுப்புள்ள அமைப்புகளின் அறிவித்தல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஐயத்துக்குரிய செய்தியை அனுப்பாது விடுதலும் சமூகப் பணியே.

மெய்த்தொற்றுக்கு எதிராக மூன்று பழக்கங்கள் இன்றியமையாதன. எதிர்பாராத இணைப்பு அறிந்தவரிடமிருந்து வரினும், அவரிடம் வேறு வழியிற் கேட்டறிந்த பின்னரே திறத்தல் வேண்டும். இயங்குதளத்தையும் எதிர்ப்பு மென்பொருளையும் காலந்தாழ்த்தாது புதுப்பித்தல் வேண்டும். முக்கிய கோப்புகளுக்குக் குறைந்தது இரண்டு காப்புப் படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று கணினியிலிருந்து கழற்றப்பட்டு, வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். இணைப்பிலேயே இருக்கும் படியையும் கப்பத் தொற்று பூட்டிவிடும். பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதனைத் தம் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக்குதல் வேண்டும். தனி ஒருவரின் கவனத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் கிடைக்காத ஏடுகளும் அவற்றுடன் போயின. 1990 இல் வலிகாமம் வடக்கின் வீடுகள் தம் உறுதிகளை இழந்தன. அவ்விழப்புகளைத் தடுக்கும் வலிமை அன்று நம் மக்களிடம் இருக்கவில்லை. இன்று ஒரு கோப்பின் இரண்டாவது படியை எடுத்துவைப்பதற்குச் சில நிமிடங்களே போதும்.